தோட்டத்திலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து கே.எல்.லுக்கு (கோலாலம்பூருக்கு) எதில் போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் தஞ்சோங் மாலிமைச் சுற்றி, தெற்கே கலும்பாங் முதல் வடக்கே பெஹ்ராங், சிலிம் ரிவர் வரை உள்ள செம்பனைத் தோட்டங்களில் குடியிருப்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு (டவுன் வீடமைப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேறு தோட்டத்து டவுனில் இருப்பவர்களுக்கும் ரயில் பகுதியைத் தவிர மற்றவை பொருந்தும்.

மோட்டாரா (மோட்டார் சைக்கிளா), காரா, பஸ்ஸா, ரயிலா? எங்கிருந்து கணக்குப் போடத் தொடங்குவது?

சிம்பாங்கிலிருந்து, அதாவது தோட்டத்து வழி மெயின் ரோட்டில் சேரும் சந்திப்பிலிருந்து, தொடங்குங்கள். லயத்து வீட்டிலிருந்து மெயின் ரோட்டுச் சிம்பாங் எத்தனை கிலோமீட்டர், அந்த வழி தார் ரோடா செம்மண்ணா, விடியற்காலை 5 மணிக்கு அங்கே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். ஒன்றரை கிலோமீட்டர் என்றால் 20 நிமிட நடை. 5 கிலோமீட்டர் சைக்கிளுக்கு 20 முதல் 25 நிமிடம். அதற்கு மேல் போனால் மோட்டாரோ யாராவது ஏற்றிப் போவதோ இல்லாமல் தினமும் சமாளிக்க முடியாது.

மறுபாதி வேலை நேரத்தைப் பொறுத்தது. காலை 7 மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு 7 மணிக்கு வரும் பஸ்ஸால் பயனில்லை. தொழிற்சாலை வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதுபோல் கம்பெனி பஸ்ஸையும் கேளுங்கள். பஸ் எந்தச் சிம்பாங்கில், எத்தனை மணிக்கு நிற்கும்? ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்த நாளில் திரும்பி வர வண்டி உண்டா? பலர் இரண்டாவதைக் கேட்பதில்லை. முதல் ஓ.டி. இரவில்தான் வீட்டுக்கு வர வழியில்லை என்பது தெரிகிறது. அதன் பிறகு அவசரத்தில் மோட்டார் வாங்கிக் கடனாளி ஆகிறார்கள்.

மோட்டாருக்கும் காருக்கும் எண்ணெய்ச் செலவு எவ்வளவு வித்தியாசம்?

போக 15, வர 15, ஆக நாளுக்கு 30 கிலோமீட்டர். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் 780 கிலோமீட்டர். கப்சாய் (சின்ன ரக) மோட்டார் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் 17 லிட்டர் சொச்சம் போதும். சின்னக் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடினால் 60 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய பூடி95 திட்டத்தின்படி, மைகார்டும் (அடையாள அட்டையும்) செல்லுபடியாகும் லைசன்சும் உள்ளவர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு. அந்த விலையில் மோட்டாருக்கு மாதம் சுமார் 35 வெள்ளியும் காருக்கு 120 வெள்ளியும் ஆகும். லைசன்ஸ் செத்துப்போயிருந்தால் சலுகை விலை கிடைக்காது. போலீஸ் தடுப்பைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட இதற்காகவாவது லைசன்சைப் புதுப்பித்து வைக்க வேண்டும்.

எண்ணெயோடு கணக்கை முடிக்காதீர்கள். மோட்டாருக்கு 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். கப்சாய்க்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். செம்மண் ரோட்டில் ஓடும் மோட்டாருக்குச் செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். 150 சிசி வரைக்கும் சாலை வரி பெரிய தொகையில்லை, காப்புறுதிக்குத்தான் பணம் போகும். காரைப் பொறுத்தவரை எண்ணெய்ச் செலவைவிடக் கடன் தவணைதான் குடும்பத்தை நெருக்குகிறது. இரண்டு பேர் ஒரே திசையில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தால் கார் நியாயம். ஒருவர் மட்டும் போய்வர ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் தருமா?

தரும். ஆனால் கேட்கத் தெரியாமல் இழப்பவர்கள் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும். வேலை நிமித்தமாக வேறிடம் போகும் பயணமும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போகும் வழியும் இதில் அடங்கும். நடந்து போனாலும் சைக்கிளில் போனாலும் மோட்டாரில் போனாலும் உரிமை ஒன்றுதான். வழியை விட்டு விலகிச் சொந்த வேலைக்குப் போனால் அது போய்விடும். வேலை முடிந்து பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) சுற்றிப்போய் அங்கே விழுந்தால் மனு நிராகரிக்கப்படலாம்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை: மருத்துவமனை அவசரப் பிரிவில் 'வேலைக்குப் போகும்போது விழுந்தேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். டாக்டர் எழுதும் முதல் குறிப்பைத்தான் பிறகு எல்லோரும் பார்ப்பார்கள். வலியில் 'சும்மா விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால் மாற்றுவது கஷ்டம். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். படுக்கையில் இருந்தால் குடும்பத்தார் நிலையத்தில் தகவல் சொல்லி வைக்கட்டும். முதலாளிக்கு அன்றே தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அன்றைய பஞ்ச் கார்டு நகல், எல்லா மருத்துவ விடுப்புச் சீட்டுகள், வீட்டிலிருந்து வேலையிடம் வரை போகும் வழியைக் காட்டும் கைவரைபடம், விழுந்த இடத்தின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்.

விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக இயலாமைப் பணம் கிடைக்கும். அது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. சம்பளத்தைக் குறைத்துக் காட்டிச் சந்தா கட்டியிருந்தால் இந்தப் பணமும் குறையும். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தம்பிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சொல்ல வேறு ஆள் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால், தானாகச் சறுக்கி விழுந்த ஓட்டுநரின் காயத்துக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. கப்சாய் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் எடுக்கிறார்கள். அதனால்தான் சொக்சோவை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

தோட்டத்துச் சிம்பாங்கில் ஏன் இத்தனை பேர் சறுக்கி விழுகிறார்கள்?

செம்பனைக் குலை ஏற்றிய லோரி செம்மண் ரோட்டிலிருந்து தார் ரோட்டில் ஏறும்போது டயரில் ஒட்டிய களிமண்ணை முதல் 50, 100 மீட்டருக்கு உதிர்த்துக்கொண்டே போகும். காய்ந்தால் அது தூசி. தூறல் விழுந்ததும் சோப்புப் பூசியதுபோல் ஆகிவிடும். அதோடு உதிர்ந்த செம்பனைப் பழமும் லோரிச் சக்கரத்தில் நசுங்கி எண்ணெய் விட்டுக் கிடக்கும். ஓட்டுநர் மெயின் ரோட்டில் வண்டி வருகிறதா என்று பார்த்தபடியே, ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு பிரேக்கைப் பிடிப்பதும் அதே இடத்தில்தான்.

செம்மண் முடிவதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து நின்றுவிடுங்கள். பிறகு ஒன்றாவது கியரில், பிரேக்கைத் தொடாமல், மெதுவாகத் திரும்புங்கள். முன் பிரேக்கே கூடாது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். காய்ந்த தாரில் வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வழுக்கும் தரையில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடிப்பதுதான் ஆபத்து.

டயரில் காற்றையும் பாருங்கள். ஈ.எக்ஸ்.5 போன்ற கப்சாய்க்கு ஒருவர் ஓட்டும்போது முன்னால் 29, பின்னால் 33 பி.எஸ்.ஐ., பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்கு 41 வரை என்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குளிர்ந்த டயரில், வாரம் ஒருமுறை. செயின் தளர்ச்சி நடுவில் 25 முதல் 35 மில்லிமீட்டர். அதற்கு மேல் தொங்கினால் பள்ளத்தில் இறங்கும்போது செயின் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிடும்.

மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். மோட்டார் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்ற சட்டம் 1992-இலேயே வந்ததற்குக் காரணம் இதுதான். தோட்டத்துக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் பிறகு சிம்பாங்கில் போட மறப்பவர்கள் பலர்.

மழையில் போகலாமா, நிற்கலாமா?

மேற்குக் கரையில் ஏப்ரல் மாதமும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் மாலை மழைக்குப் பேர்போனவை. வேலை விடும் நேரமும் அதுவே. மழையின் முதல் கால் மணி நேரம்தான் ரோடு அதிகம் வழுக்கும், தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போது மிதந்து வரும். முடிந்தால் அந்தக் கால் மணி நேரத்தை ஒரு கடையோரம் கழியுங்கள். மேம்பாலத்தின் அடியில், ரோட்டோரத்தில் நிற்காதீர்கள். மழைத்திரையில் பின்னால் வரும் கார்க்காரருக்கு உங்களைத் தெரியாது. மழைக்கோட்டு சட்டையும் சிலுவாருமாக இரண்டு துண்டாக இருக்கட்டும். விரிந்து பறக்கும் போர்வை மாதிரிக் கோட்டு செயினில் மாட்டும்.

மகனுக்கு 15 வயது. தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறான், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மோட்டார் ஓட்டும் பி2 லைசன்சுக்கு வயது 16. தோட்டத்துக்குள் ஓட்டிப் பழகியவன் ஒருநாள் கடைக்கு என்று சிம்பாங்கைத் தாண்டுவான், அதுதான் நடக்கிறது. லைசன்ஸ் இல்லாதவன் யாரையாவது இடித்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும். இழப்பீட்டுச் சுமை வண்டிக்குச் சொந்தக்காரரான அப்பாவின் தலையில் வந்து விழும்.

16 ஆனதும் முறையாகத் தொடங்குங்கள். முதலில் ஆறு மணி நேரக் கோட்பாட்டு வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்வியில் 42 சரியாக இருக்க வேண்டும். அடுத்து கற்றுக்கொள்ளும் லைசன்ஸ், பயிற்சி, ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) தேர்வு. பலர் தோற்பது 'தித்தி' என்னும் ஒடுக்கமான பலகையில்தான். அதை 7 விநாடிக்குக் குறையாமல், காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். வேகமாக ஓட்டிப் பழகிய பையன்களுக்கு இது வராது. ஒன்றாவது கியரில், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, பலகையைப் பார்க்காமல் அதன் கடைசி முனையைப் பார்த்து ஓட்டினால் வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்காகப் போக்குவரத்து அமைச்சு 'மைலெசென் பி2' என்ற உதவித் திட்டத்தை நடத்தியிருக்கிறது. இடம் திறந்திருக்கிறதா என்று டிரைவிங் பள்ளியில் கேளுங்கள்.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே மோட்டாரில் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகலாமா?

சட்டப்படி ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான். முன்னால் பிள்ளையை நிற்க வைத்து ஓட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்து, மோதினால் ஹேண்டிலுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் நசுங்குவது அந்தப் பிள்ளைதான். வேறு வழியில்லை என்று சொல்லும் பெற்றோரின் நிலைமை எங்களுக்குப் புரிகிறது. தோட்டத்துப் பள்ளிகள் டவுனுக்கு இடம் மாறிய பிறகு தூரம் கூடிவிட்டது. இரண்டு நடையாக ஏற்றிப் போங்கள், அல்லது நான்கைந்து வீட்டார் சேர்ந்து பள்ளி வேன்காரரிடம் பேசுங்கள். ஒரே லயத்திலிருந்து ஐந்து பிள்ளைகள் என்றால் உள்ளே வரச் சம்மதிப்பார், ஒரு பிள்ளைக்காக வரமாட்டார். வேனுக்குப் பள்ளி வண்டி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமமில்லாத 'சாப்பு' வேனில் விபத்து நடந்தால் காப்புறுதி கிடைக்காமல் போகும்.

பிள்ளையின் ஹெல்மெட்டில் சிரிம் தர முத்திரை இருக்க வேண்டும். வாரைப் பூட்டிவிட்டுப் பின்னாலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது. அண்ணனின் ஹெல்மெட்டைத் தம்பிக்கு மாட்டிவிடுவது தொப்பி போட்டுவிடுவதற்குச் சமம்.

கே.எல். போகக் கொமுட்டரா, இ.டி.எஸ்.ஸா?

தஞ்சோங் மாலிம், கே.எல். வட்டாரக் கொமுட்டர் புறநகர் ரயிலின் வடகோடி. கோலக் குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் வழியாகப் போர்ட் கிள்ளான் வரை ஒரே ரயில். கே.எல். சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இடையில் எங்கும் இறங்கலாம், முன்பதிவு வேண்டாம், கட்டணமும் குறைவு. இ.டி.எஸ். விரைவு ரயில் வெகு சீக்கிரம் போகும். ஆனால் சில நிலையங்களில்தான் நிற்கும், இருக்கையை முன்கூட்டியே வாங்க வேண்டும், புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே கதவை மூடிவிடுவார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் விற்பனை திறந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். சிலிம் ரிவர்க்காரர்களுக்குக் கொமுட்டர் கிடையாது. தஞ்சோங் மாலிம் வந்து ஏற வேண்டும், அல்லது இ.டி.எஸ்.

டச் அண்ட் கோ அட்டையில் போகும்போதே திரும்பி வரவும் சேர்த்துக் காசு போட்டு வையுங்கள். 50 வெள்ளியின் 'மை50' பாஸ் ரேபிட் கே.எல். பஸ், நகர ரயில் சேவைகளுக்கானது, கொமுட்டருக்குச் செல்லாது. அதை வாங்கிவிட்டு ரவாங்கில் கதவு திறக்காமல் நிற்பவர்கள் உண்டு. தனியாகப் போகும் பெண்களுக்கு 2010 முதல் நடுவில் மகளிர் பெட்டி இருக்கிறது. கடைசி ரயில் நேரத்தைக் கே.டி.எம். (ரயில் நிறுவனம்) செயலியில் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ரவாங்குக்கு வடக்கே இரவில் வண்டி கிடைப்பது அரிது.

கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட். எப்படிப் போவது?

கே.எல். சென்ட்ரல் வரை போகாதீர்கள். கொமுட்டரில் சுங்கை பூலோவில் இறங்கி, எம்.ஆர்.டி. நகர ரயிலின் புத்ராஜெயா வழித்தடத்தில் மாறினால் 'ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர்' என்ற பெயரிலேயே நிலையம் உண்டு. 2023 மார்ச்சில் இந்தப் பகுதி திறந்த பிறகு டாக்சி பிடிக்கும் தேவை இல்லை. 9 மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் 6 மணிக்குள் தஞ்சோங் மாலிமில் ஏறிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு போகும் சர்க்கரை நோயாளிகள் பையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள், பயணம் நீளமானது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் கொமுட்டரில் பாதிக் கட்டணம். அதற்கான அட்டையை ஒருமுறை கவுண்டரில் செய்து வாங்கிவிட்டால் போதும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை?

தஞ்சோங் மாலிம் ரயிலில் புத்ரா நிலையம் வரை போய், எதிர்த்திசையில் வரும் பத்துமலை ரயிலுக்கு மாறுங்கள். கே.எல். சென்ட்ரலிலேயே மாறலாம் என்று போனால் நேரம் வீண். கூட்டம் தாங்காத நாளில் இன்னொரு வழி: சுங்கை பூலோவில் எம்.ஆர்.டி., கம்போங் பத்துவில் மீண்டும் கொமுட்டர். காவடியோடு போகிறவர்கள் ரயிலை நம்பாமல் பஸ் பிடிப்பதே நல்லது.

தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் கால் மணி நேரம் மிச்சம். என்ன ஆகிவிடும்?

பழைய டீசல் ரயில் காலத்துப் பழக்கம் இது. இப்போது இரட்டைப் பாதையில் இ.டி.எஸ். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. விநாடிக்கு 39 மீட்டர், அதாவது ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தை மூன்று விநாடிக்குள் கடந்துவிடும். மின்ரயில் என்பதால் சத்தம் பக்கத்தில் வந்த பிறகே கேட்கும். ஒரு ரயில் போனதும் கடக்கிறவர்களை மறுபாதையில் வரும் ரயில் அடிக்கிறது. மேலே ஓடுவது 25,000 வோல்ட் மின்கம்பி. இரும்புக் கழியோ செம்பனை வெட்டும் அரிவாளின் நீண்ட அலுமினியக் கம்போ அதன் அருகில் போனாலே மின்சாரம் பாயும். வேலியில் ஓட்டை இருந்தால் அதை அடைக்கச் சொல்லி நிலையத்தில் புகார் கொடுங்கள். பிள்ளைகளை மேம்பாலத்தில் போகப் பழக்குங்கள்.

கிராப் வாடகைக் கார் ஏன் தோட்டத்துக்குள் வருவதில்லை?

டிரைவருக்குத் திரும்பி வர ஆள் கிடைக்காது, செம்மண் ரோட்டில் காரின் அடிப்பாகம் தட்டும், வரைபடத்தில் லயத்துக்குப் பெயரே இருக்காது. இரவில் தோட்டத்துக் கேட்டையும் மூடிவிடுவார்கள். ஏறுமிடத்தைச் சிம்பாங்கில் உள்ள கோயில், கடை, பஸ் நிறுத்தம் என்று குறித்தால் பெரும்பாலும் வருவார்கள். பிரசவம், நெஞ்சுவலி என்று வந்தால் செயலியில் காத்திருக்காதீர்கள். 999-ஐ அழைத்து, தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் எண்ணையும் சொல்லி, ஒருவரைச் சிம்பாங்கில் டார்ச் லைட்டோடு நிறுத்துங்கள். கேட்டுச் சாவி ஜாகாவிடம்தான் (காவலாளியிடம்தான்) இருக்கும், அவருக்கும் உடனே போன் அடியுங்கள்.

மின் ஸ்கூட்டர், மின் சைக்கிள்?

நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டர் 2021 இறுதியிலிருந்து பொதுச் சாலையில் தடை. டவுன் கடைகளில் விற்கிறார்கள் என்பதால் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. மிதித்தால் மின்மோட்டார் உதவும் மின் சைக்கிள் வேறு வகை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவாத, சிரிம் அங்கீகாரம் பெற்ற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

சாதாரணச் சைக்கிளுக்கு டவுனில் இன்னும் நல்ல இடம் உண்டு. தாமானிலிருந்து ரயில் நிலையம் 3 கிலோமீட்டர் என்றால் மோட்டாரைவிடச் சில நிமிடங்கள்தான் அதிகம் ஆகும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும், வெறும் பிரதிபலிப்பான் போதாது. செம்பனை நிழலில் காலை ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும். நிலையத்தில் பூட்டும்போது முன்சக்கரத்தை மட்டும் பூட்டாமல், சட்டத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள். மோட்டாருக்கும் அப்படியே: ஹேண்டில் பூட்டு மட்டும் போதாது, டிஸ்க் பூட்டும் போடுங்கள். பூட்டு போட்டதை மறந்து வண்டியை எடுத்தால் முன்பிரேக் உடையும் என்பதால், அதிலிருந்து சிவப்புக் கயிறு ஒன்றை ஹேண்டிலுக்குக் கட்டி வையுங்கள்.